கார்ல வந்த நேவிகேஷனை கழட்டிட்டு ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போட்டு ரெண்டே முக்கால் வருஷம் ஆச்சு

முதல்லயே சொல்லிடுறேன், இது வாங்கி ஒரு வாரத்துல எழுதுற ரிவ்யூ இல்ல. 2023 பொங்கல் லீவுல மாட்டுனது, இப்ப 2025 அக்டோபர். நடுவுல 41,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, மூணு கத்திரி வெயில பாத்துருச்சு, ஒரு தடவ பேட்டரிய கொன்னுருக்கு. அதனால நல்லது கெட்டது ரெண்டும் கையில இருக்கு.

வண்டி 2014 கடைசில எடுத்த செடான், டாப் எண்ட். கம்பெனி பேரு வேணாம், சொன்னா பேச்சு அங்கிட்டு போயிரும். மிட் வேரியன்டுக்கும் டாப்புக்கும் நடுவுல இருந்த பெரிய வித்தியாசமே அந்த 7 இன்ச் நேவிகேஷன் ஸ்க்ரீன் தான், அதுக்காகவே கடன கொஞ்சம் கூட்டி எடுத்தேன். போன்ல இருக்க மேப்பு, பாட்டு எல்லாத்தையும் கார் ஸ்க்ரீன்ல காட்டுற ஆண்ட்ராய்டு ஆட்டோ எல்லாம் வெளிய வந்ததே 2015ல, அதனால என் வண்டில அதுக்கு வழியே கெடையாது, எல்லாமே ஒரு எஸ்டி கார்டுக்குள்ள இருக்க மேப் தான்.

அந்த பழைய யூனிட்ட நான் திட்ட மாட்டேன். எட்டு வருஷத்துல ஒரு தடவ கூட ஹேங் ஆனதில்ல, சாவி போட்டா நாலு செகண்டுல ரேடியோ பாடும், மே மாசம் மத்தியானம் வெயில்ல நின்ன வண்டிய எடுத்தாலும் அசராது. மேப்பு தான் பிரச்சன. திருமங்கலம்னு அடிச்சா சென்னை அண்ணாநகர் பக்கம் இருக்க திருமங்கலத்த மொதல்ல காட்டும், மதுரையிலேருந்து அந்தா 20 கிலோமீட்டர்ல இருக்க நம்ம திருமங்கலம் நாலாவது வரில இருக்கும், அதுவும் இங்கிலீஷ்ல டிக்கு அப்புறம் எச் உண்டா இல்லையான்னு நாம யோசிச்சு அடிக்கணும், அழுத்துனா தான் எடுக்குற பழைய காலத்து டச் வேற, நகத்தால குத்தி குத்தி ஒரு ஊர் பேர அடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேர்கிட்ட வழி கேட்டு போய் சேந்துரலாம்.

2017ல ஒரு தடவ காசு கட்டி மேப் அப்டேட் பண்ணேன், ஒம்பதாயிரத்து சொச்சம். அதுக்கப்புறம் பண்ணல. விளைவு என்னன்னா காளவாசல் பாலத்து மேல போனா அம்புக்குறி கீழ சிக்னல்ல நின்னு யோசிக்கும், சேலத்துல அந்த அஞ்சு ரோடு ரெட்ட அடுக்கு பாலம் இருக்கே, அங்க போனப்ப யூ டர்ன் எடு யூ டர்ன் எடுன்னு பாலம் முடியுற வரைக்கும் புலம்பிக்கிட்டே வந்துச்சு. 2021ல மறுபடி அப்டேட் கேட்டேன், பதினாலாயிரம்னு சொன்னாங்க. மச்சினன் அதே மாடல் வச்சிருந்தான், அவன் அப்டேட் பண்ணிருந்தான், சரி அவன் கார்ட சும்மா போட்டுப் பாப்போம்னு போட்டா எடுக்கல. அந்த கார்டுக்குன்னு ஒரு அடையாள நம்பர் உள்ளயே இருக்குமாம், எந்த வண்டிக்கு குடுத்தாங்களோ அந்த வண்டி யூனிட்டோட ஜோடி சேத்து பூட்டி வச்சிருப்பாங்க.

ஆனா நான் கழட்ட முடிவு பண்ணது மேப்புக்காக இல்ல, தேதிக்காக. 2022 ஆகஸ்ட்ல ஒரு நாள் காலைல வண்டிய எடுத்தா ஸ்க்ரீன்ல 2003 ஜனவரின்னு காட்டுது. வண்டி பொறந்ததே 2014ல! பேட்டரி கழட்டி மாட்டி பாத்தேன், ஃப்யூஸ் புடுங்கி பாத்தேன், கைல மாத்தவும் விடல, ஏன்னா நேரத்த ஜிபிஎஸ்ல இருந்து தான் எடுப்பேன்னு அடம். அப்புறம் தேடி படிச்சப்ப தான் புரிஞ்சுது. ஜிபிஎஸ் சாட்டிலைட் தேதிய நம்மள மாதிரி சொல்லாது, எத்தனாவது வாரம்னு ஒரு நம்பரா அனுப்பும், அந்த நம்பருக்கு 10 பிட் தான் எடம், 0லேருந்து 1023 வரைக்கும் போயிட்டு மறுபடி 0க்கு வந்துரும். 1024 வாரம்னா பத்தொம்பதரை வருஷத்துக்கு கொஞ்சம் மேல. சாட்டிலைட் பக்கம் அப்படி கடைசியா சுத்துனது 2019 ஏப்ரல்ல, ஆனா யூனிட் செய்றவங்க சாஃப்ட்வேர்ல ஒரு கணக்கு போட்டு அத கொஞ்ச வருஷம் தள்ளி வச்சிருப்பாங்க, என் யூனிட்டுக்கு அந்த கெடு 2022 ஆகஸ்ட்ல முடிஞ்சிருக்கு. எண்ணி பாத்தேன், சரியா 1024 வாரம் பின்னாடி போயிருந்துச்சு. வழி காட்டுறதெல்லாம் பழையபடி வேல செஞ்சுது, ஆனா கடிகாரம் தப்பு, பகல்ல நைட் மோடுக்கு போயி ஸ்க்ரீன் இருட்டாயிரும். சர்வீஸ் செண்டர்ல கேட்டதுக்கு அப்டேட் இல்ல சார், யூனிட்டயே மாத்தணும்னு ஒரு தொக சொன்னாங்க, அத கேட்டதும் வீட்டுல ஒரு பார்வ பாத்தாங்க, அவ்வளவு தான்.

அப்ப ஒரு வேலையா சென்னை போனவன் ஜிபி ரோட்டுல நாலு கட ஏறி எறங்கி வெல கேட்டுட்டு வந்தேன். மதுரைல கேட்டதுக்கும் அங்க கேட்டதுக்கும் ரெண்டாயிரம் வித்தியாசம் இருந்துச்சு, ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா சென்னைக்கா ஓட முடியும், அதனால மதுரைலயே போட்டேன். 9 இன்ச், 4 ஜிபி ரேம், 64 ஜிபி, யூனிட் 17,500. வண்டிக்கு ஏத்த ஃப்ரேமும், ஒயர வெட்டாம அப்படியே சொருகுற கப்ளரும், வண்டியோட சிக்னல புது யூனிட்டுக்கு புரிய வைக்கிற கேன்பஸ் டப்பாவும் சேத்து 2,800. மாட்டுற கூலி 1,500. ஆக 21,800.

இங்க தான் முக்கியமான விஷயம். கடைல எல்லாரும் ரேம் எவ்வளவு, டிஸ்ப்ளே என்னன்னு தான் பேசுவாங்க. இத்தன நாள் ஓட்டுனதுல எனக்கு வந்த அத்தன தலைவலியும் ரேமால வரல, மாட்டுன விதத்தால வந்துச்சு. கட தம்பி மொதல்ல, "அண்ணே ஒயர கட் பண்ணி ஜாயிண்ட் அடிச்சா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும்ணே, கப்ளர் வர ரெண்டு நாளாகும்"னான். ரெண்டு நாள் ஆனாலும் பரவால்ல தம்பி, ஒரு ஒயரயும் வெட்டாதன்னு சொல்லிட்டேன். அது நான் செஞ்ச உருப்படியான காரியம். ஸ்டியரிங் பட்டன் எல்லாம் அந்த கேன்பஸ் டப்பா வழியா ஒழுங்கா வேல செஞ்சுது, பழைய ரிவர்ஸ் கேமராவும் ஓடுது, ஆனா அதுக்கு முன்னாடி அவன் மீட்டர் வச்சு கேமராவுக்கு வர்ற வோல்டேஜ பாத்தான், கம்பெனி கேமராவுக்கு 6 வோல்ட் தான் போகுது, புது யூனிட்டுல இருந்து 12 வோல்ட நேரா குடுத்திருந்தா கேமரா போயிருக்கும். இத பாக்காமலே மாட்டுறவங்க நெறய பேரு.

தப்பு நடந்தது ஜிபிஎஸ் ஆன்டெனால. தீப்பெட்டி சைசுல ஒரு கருப்பு டப்பா வரும், அத அவன் டேஷ்போர்டுக்குள்ள, ஏசி டக்டுக்கு கீழ, இரும்பு பீமுக்கு பக்கத்துல செருகிட்டான். வெளிய தெரியாம நீட்டா இருக்கும்ணேன்னான். நீட்டா தான் இருந்துச்சு, ஆனா நாலு வழிச்சாலைல போறப்ப அம்பு சர்வீஸ் ரோட்டுல போகும், திடீர்னு கம்மாக்குள்ள எறங்கி நடக்கும். மூணு மாசம் யூனிட்ட திட்டிக்கிட்டே ஓட்டுனேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம நானே க்ளோவ் பாக்ஸ கழட்டி, அந்த டப்பாவ வெளிய இழுத்து, டேஷ்போர்டு மேல முன் கண்ணாடி ஓரத்துல, தட்டையான முகம் வானத்த பாக்குற மாதிரி டபுள் டேப் போட்டு ஒட்டுனேன். அன்னைக்கு சரியானது தான், இன்னைக்கு வரைக்கும் கொற இல்ல. செலவு டேப்புக்கு 40 ரூவா.

ரேடியோவும் இதே கத. ஊருக்குள்ளயே எஃப்எம் கொரகொரன்னு இருந்துச்சு. கம்பெனி ஆன்டெனாவுக்குள்ள ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதுக்கு கரண்ட் போகணும், புது யூனிட்டுல அதுக்குன்னு ஒரு நீல ஒயர் வருது, அத சேக்காம டேப் சுத்தி விட்டுருந்தாங்க. சேத்ததும் பழைய தெளிவு வந்துருச்சு.

பேட்டரி செத்த கதைய சொல்றேன். 2023 ஜூன்ல ஒம்போது நாள் வண்டிய வீட்டுல விட்டுட்டு ட்ரெயின்ல டெல்லி போயிட்டு வந்தோம், வந்து சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும். பேட்டரி ஒரு வருஷம் கூட ஆகாதது. எலக்ட்ரீஷியன் வந்து வண்டி ஆஃப்ல இருக்கப்ப எவ்வளவு இழுக்குதுன்னு மீட்டர் போட்டு பாத்தாரு, 180 மில்லி ஆம்பியர். இந்த ஸ்க்ரீன் எல்லாம் சீக்கிரம் ஆன் ஆகணும்னு முழுசா ஆஃப் ஆகாம தூங்குற மாதிரி நடிக்கும். கணக்கு போட்டா ஒரு நாளைக்கு நாலேகால் ஆம்பியர்-ஹவர் மாதிரி வருது, ஒம்போது நாளுக்கு 39, என் பேட்டரியே 45 தான். செட்டிங்ஸ்ல ஃபேக்டரி பாஸ்வேர்டு போட்டு உள்ள போயி அந்த தூங்குற நேரத்த சைபரா ஆக்குனதும் இழுக்குறது 20க்கு வந்துருச்சு. அதுக்கு பதிலா இப்ப ஒவ்வொரு தடவையும் ஆன் ஆக முப்பத்தஞ்சு செகண்ட். காலைல கேட்ட தொறந்து வண்டிய வெளிய எடுக்குறதுக்குள்ள வந்துரும், ஆனா ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா வர்றதுக்கு முன்னாடியே பாதி தூரம் வந்திருப்பேன், அதுக்கு கழுத்த திருப்பி பாக்குற பழக்கம் திரும்பி வந்துச்சு.

வெயில பத்தி. ஏப்ரல் மே மத்தியானம் வெளிய நின்ன வண்டில ஏறுனா மொத பத்து நிமிஷம் ஸ்க்ரீன் மந்தமா இருக்கும், ரெண்டு தடவ தானா ரீஸ்டார்ட் ஆயிருக்கு, ஏசி போட்டு உள்ள சூடு கொறஞ்சதும் சரியாயிரும். ரெண்டாவது வருஷத்துல இருந்து ஓரத்துல லேசா மஞ்ச பூத்திருக்கு. அப்புறம் பெட்டில ஆண்ட்ராய்டு 13ன்னு போட்டிருந்துச்சு, செட்டிங்ஸ்லயும் 13 தான் காட்டும், ஆனா ஒரு ஆப்ப போட்டு பாத்தா உள்ள இருக்கது 10. இந்த வகை யூனிட்ல இது சகஜம். அப்டேட்னு ஒண்ணு இதுவரைக்கும் வந்ததில்ல, வரும்னு நம்பவும் இல்ல.

இப்ப யூனிட்டோட சொந்த ஆண்ட்ராய்ட நான் தொடுறதே இல்ல. மொதல்ல ஹாட்ஸ்பாட் போட்டு அதுலயே மேப் ஓட்டுனேன், அப்புறம் ஒயர் போட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு மாறிட்டேன். ஒயர் இல்லாமலும் வருது, ஆனா மேப்பும் ஓடி பாட்டும் ஓடுனா போனு தோசக்கல்லு மாதிரி கொதிக்குது. ஆண்ட்ராய்டு ஆட்டோ தான் கடைசி முடிவுன்னா எதுக்கு 4 ஜிபி, 2 ஜிபி யூனிட்டே போதுமே, ஆறாயிரம் மிச்சமாயிருக்குமேன்னு கேட்டா பதில் இல்ல என்கிட்ட.

வழி காட்டுறதுல பழசுக்கும் புதுசுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அத சொல்லித்தான் ஆகணும். நத்தம் ரோட்டுல தல்லாகுளத்துல ஏறி செட்டிகுளத்துல எறங்குற பறக்கும் பாலம், ஏழு கிலோமீட்டருக்கு மேல, 2023 ஏப்ரல்ல தொறந்தாங்க, அடுத்த வாரமே மேப்புல இருந்துச்சு. பழைய கார்டா இருந்தா பதினாலாயிரம் கட்டிட்டு காத்திருக்கணும். ஆனாலும் பாலத்துக்கு மேல இருக்கோமா கீழ இருக்கோமான்னு மேப்புக்கு இன்னும் சரியா தெரியல, பாலத்து நடுவுல வச்சு லெஃப்ட்ல திரும்பச் சொல்லும். தமிழ் குரல் போட்டு வச்சிருக்கேன், "இடதுபுறம் திரும்பவும்"னு அது சொன்னதும் பின்னாடி உக்காந்திருக்க எங்கப்பா, "திரும்புனா நேரா பரலோகம் தான்"ன்னாரு.

கொடைக்கானல் போனா பூம்பாறை மன்னவனூர் பக்கம் பல எடத்துல டவர் இருக்காது. பழைய கார்டுக்கு இந்த கவலையே கெடையாது, மொத்த மேப்பும் உள்ள இருந்துச்சு. இப்ப கெளம்புறதுக்கு மொத நாள் வைஃபைல அந்த ஏரியாவ ஆஃப்லைனா எறக்கி வச்சுக்கிறேன். 2024 மே மாசத்துலேருந்து கொடைக்கானலுக்கு இ பாஸ் வேற, செக்போஸ்ட்ல போன நீட்டணும், ஒயர புடுங்குனா மேப்பு போயிரும், அதனால பாஸ வீட்டம்மா போன்ல எடுத்துடறது.

பழச நெனச்சு ஏங்க வச்ச எடம் ஒண்ணு இருக்கு. குருவாயூர் போற வழில பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவுல குதிரான் சுரங்கம், ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. 2021 கடைசில பழைய யூனிட்டோட அதுக்குள்ள போனப்ப மேப்புல சுரங்கமே கெடையாது, ஆனா அம்பு மட்டும் வெத்து மலைக்குள்ள நிக்காம சீரா நகந்துக்கிட்டே இருந்து, வெளிய வந்தப்ப மிகச் சரியா ரோட்டுல நின்னுச்சு. ஏன்னா கம்பெனி யூனிட்டுக்கு சக்கரம் சுத்துற சிக்னல் ஒரு ஒயர்ல போகும், உள்ள கைரோ சென்சார் இருக்கும், சாட்டிலைட் இல்லாட்டியும் எவ்வளவு வேகம், எந்தப்பக்கம் திரும்புனோம்னு வச்சு அதுவே கணக்கு போட்டுக்கும். இப்ப அதே சுரங்கத்துல சுரங்கம் மேப்புல இருக்கு, அம்பு தான் கொஞ்ச தூரம் குத்துமதிப்பா போயிட்டு நின்னுடுது, வெளிய வந்து ஒரு துள்ளு துள்ளி சேந்துக்குது. குதிரான்ல திருப்பம் இல்லாததால பாதகமில்ல.

வாங்கலாமா வேணாமான்னு கேக்குறவங்களுக்கு, ஏசி கண்ட்ரோல், வண்டி செட்டிங்ஸ் எல்லாம் ஸ்க்ரீனுக்குள்ளயே இருக்க வண்டின்னா கழட்டாதீங்க, டேஷ்போர்டு மேல வைக்கிற தனி ஆண்ட்ராய்டு ஆட்டோ ஸ்க்ரீன் கெடைக்குது, அது போதும். என்னோடது மாதிரி ஏசி தனி, ஸ்க்ரீன் தனின்னா தாராளமா மாத்தலாம், 2 ஜிபி எடுங்க, கப்ளர் வர்ற வரைக்கும் காத்திருங்க, ஆன்டெனா எங்க வைக்கிறான்னு பக்கத்துலயே நின்னு பாருங்க, டீ குடிக்க கூப்டாலும் போகாதீங்க.

பழைய யூனிட்ட பழைய வேட்டில சுத்தி பரண்ல வச்சிருக்கேன். ஒயர் எதுவும் வெட்டல, அதனால வண்டிய விக்கும்போது ரெண்டு மணி நேரத்துல திருப்பி மாட்டிரலாம். மச்சினன் அவனோட யூனிட்டும் இப்ப தேதி தப்பா காட்டுதுன்னு வந்து நிக்கிறான், சனிக்கெழம அவன் வண்டிய கூட்டிட்டு அதே கடைக்கு போறோம், இந்த தடவ டபுள் டேப்ப நானே வீட்டுல இருந்து கொண்டு போறேன்.