தாய்ப்பால் எடுக்கக் கையா, பம்பா? வேலைக்குப் போகும் தாய்க்கு எது தோது

84 வேலை நாள் பிரசவ விடுமுறை முடிந்தபோது மகளுக்கு நாலு மாதம் தாண்டியிருந்தது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பதில் நான் உறுதி. வீடு மட்டக்களப்பில் கல்லடியில், படிப்பிப்பது ஆரையம்பதியில். ஏழு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவேன். அதுவரை பிள்ளை என் அம்மாவிடம். அப்போ பாலை எடுத்து வைத்தே ஆகவேண்டும்.

முதலில் மின்சாரப் பம்ப் வாங்கினேன். வேகம் அதற்குத்தான். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கையால் எடுக்க எனக்கு இருபத்தைந்தாவது ஆகும். விலையைச் சொல்லத் தேவையில்லை, கைக்குச் செலவே இல்லை.

என்னை மாற்றியது கழுவும் வேலை. புனல், வால்வு, மெல்லிய சவ்வு, போத்தல் எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் கழற்றி, சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீரில் கழுவி, காற்றில் உலரவிட வேண்டும். துணியால் துடைக்கக்கூடாது. வால்வின் மூலையில் பாற்கொழுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். பாடசாலையில் தேநீர்க் கோப்பை கழுவும் குழாயடியில் இதை எப்படிச் செய்வது? ஒரு கிழமை பால் குறைந்துகொண்டே வந்தது. வற்றிவிட்டதென்று இரவிரவாக அழுதேன். பார்த்தால் சவ்வில் மயிரளவு கிழிசல், உறிஞ்சும் விசை போய்விட்டது. புதிய சவ்வு ஊரில் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் பகுதி மருத்துவிச்சி கையால் எடுக்கக் காட்டித்தந்தார். "புள்ள, காம்பைப் புடிச்சு இழுக்காத, நோகும். கருவட்டத்துக்கு வெளியால விரலை வை." பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. முதலில் நெஞ்சை நோக்கி அழுத்த வேண்டும், பிறகு விரல்களைச் சேர்த்து அமத்தி விட வேண்டும். தோலில் விரல் வழுக்கக் கூடாது. தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதைக் கண்டு விட்டுவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் பீறிட்டு வரும். ஓட்டம் குறைந்ததும் அடுத்த பக்கம் மாறி, திரும்பவும் முதல் பக்கம். கழுவ வேண்டியது இரண்டு கையும் ஒரு அகன்ற வாய்க் கோப்பையும் மட்டுமே. எனக்குப் பழக நாலைந்து நாள் பிடித்தது.

எடுத்த பாலை வைப்பது இரண்டு முறைக்கும் ஒன்றுதான். அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் என்பது 25 பாகைக்குச் சொன்ன கணக்கு. எங்கள் ஆடி வெயிலுக்கு அதை நம்ப முடியாது, ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தே கொண்டுவந்தேன். குளிரூட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே திரளும், அது கெட்டதல்ல. அடுப்பில் காய்ச்சாமல், சுடுதண்ணீரில் கோப்பையை வைத்து மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அம்மா போத்தலே தொடாமல் சிறு கோப்பையால் பருக்கினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் எடுத்தது நாளுக்கு இரண்டு தடவைதான். குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்க, இரவு பகலாக எட்டுத் தடவை எடுக்கும் தாய்க்குக் கை ஓய்ந்துபோகும், அவருக்குப் பம்ப் உதவக்கூடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் இரட்டைப் பம்ப் நான் பாவித்ததில்லை. ஆனால் பாடசாலைக்கோ கந்தோருக்கோ போய்வருபவர் என்றால், பம்ப் வாங்குமுன் ஒரு கிழமை கையால் எடுத்துப் பாருங்கள். உங்கள் மருத்துவிச்சியிடம் கேட்டால் பக்கத்தில் இருந்தே காட்டித்தருவார்.