தில்லைநகர் வாசிப்பு வகுப்பு: பெரியவர்கள் சேரலாமா?

வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் வருகிற வகுப்புதான், ஆனாலும் பெரியவர்களும் சேரலாம். ஆனால் முதல் நாளே பெரிய நாற்காலி ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். அங்கே இருப்பதெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் உயரம்.

நான் ஸ்ரீரங்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை எப்படியோ ஓட்டிவிட்டு நின்றவள். அளவு நோட்டில் எண்களைச் சுத்தமாக எழுதுவேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் அவரவர் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிடுவேன். என்ன அழகான பழக்கம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு! பஸ்ஸும் அப்படித்தான், 1ஆம் நம்பர் வந்தால் ஏறுவேன், ஊர்ப் பெயரைப் பார்க்கவே மாட்டேன். மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கிற கற்றல் குறைபாடு, இருக்குமோ என்று பள்ளியில் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் என்னைக் கேட்பது போலவே இருந்தன. இது குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்றார் பரிசோதித்த அம்மா. என்னையும் பார்க்கச் சொன்னேன். எனக்கும் இருக்கிறது.

இந்த வகுப்புக்கு முன்னால் வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எழுத்தின் மேல் வைத்துப் படிக்கிற மஞ்சள், நீலக் கண்ணாடித் தாள் ஒன்று. அதனால் டிஸ்லெக்ஸியாவுக்குப் பயன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதை இந்த வகுப்பை எடுக்கிற மிஸ்தான் சொன்னார். ஓப்பன்டிஸ்லெக்சிக் என்ற இலவச ஆங்கில எழுத்துரு இன்னொன்று. எழுத்தின் அடிப்பாகம் கனமாக இருக்கும். அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளிலும் வாசிக்கும் வேகம் கூடவில்லையாம். சரி, அதை விடுங்கள்.

மிஸ் பின்பற்றுவது ஆர்ட்டன்-கில்லிங்காம் முறை. 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும் தொடங்கி வைத்தது. ஓர் ஒலியை எடுத்தால் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, கையால் எழுத வேண்டும். அது படிந்த பிறகுதான் அடுத்தது. ரவை பரப்பிய தட்டில் விரலால் எழுதச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிறுவயதில் யாரும் எனக்கு இப்படி நிதானமாகச் சொல்லித் தந்ததில்லை. "இன்னும் பத்து தடவை எழுது" என்பார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கு வந்த முறையைத் தமிழுக்கு மாற்றியதில்தான் மிஸ்ஸின் திறமை தெரிகிறது. ‘கெ’ என்ற எழுத்தையே பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியது ‘க்’. ‘கொ’ என்றால் இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். இடமிருந்து வலம் ஓடுகிற கண் இங்கே தடுமாறுகிறது. “நடுவில் இருப்பதை முதலில் தொடுங்கள் அக்கா, அப்புறம் இடது, அப்புறம் வலது” என்றார். என் கடையிலிருந்து துண்டுத் துணி கொண்டுவரச் சொல்லி, கொம்பைச் சிவப்பிலும் காலை நீலத்திலும் எழுத்தைக் கறுப்பிலும் வெட்ட வைத்தார். வெட்டுகிற கைக்குத் தெரிந்தது கண்ணுக்கும் மெல்ல ஏறியது.

அடுத்த எதிரி ‘ர’. சின்ன அச்சில் அதற்கும் காலுக்கும் வித்தியாசம் கீழே ஒரு சிறு வால்தான். தாராபுரம் என்று எழுதிப் பாருங்கள், எது கால், எது ‘ர’ என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ் போய்விடும். கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது; சொல்லில் அது நிற்கிற இடத்தை வைத்து அதைச் சொல்லித் தந்தார். பழைய புத்தகங்களில் வருகிற யானைத்துதிக்கை ‘லை’, ‘னை’ எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். 1978இல் அரசு அவற்றை மாற்றியதில் எனக்குப் பரம சந்தோஷம்.

நீளச் சொற்களுக்குப் பென்சில் கோடு. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று பார்த்தால் முன்பெல்லாம் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிப்பேன். இப்போது வந்து / கொண்டு / இருந்தார்கள் என்று தையல் பிரிப்பது போல் பிரித்துவிட்டுப் படிக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய். தீபாவளிக்கு முந்தைய மாதம் தவிர மற்ற நாளில் எனக்கு அது கனம்தான். பயிற்சித் தாள்கள் எல்லாம் முயலும் ஆமையும். எனக்கு ஆமை எதற்கு? கேட்ட பிறகு ரேஷன் குறுஞ்செய்தி, மின்கட்டண ரசீது, வாடிக்கையாளர் அனுப்பும் வாட்ஸ்அப் என்று மாற்றிக் கொடுத்தார். ஆனால் கேட்டால்தான் மாறும். வெளியே காத்திருக்கும் பெற்றோர்கள் “உங்க பிள்ளை எங்கே?” என்று கேட்பார்கள், அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் என்ன என்று கேட்டால், செய்தித்தாளில் தலைப்புகள் படிக்கிறேன். உள்ளே இருக்கும் செய்திக்கு இன்னும் ரொம்ப நேரம் ஆகிறது, களைப்பும் வருகிறது. இது குணமாகிற நோய் இல்லை, பழகிக்கொள்வது என்று மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். நீளமானதைப் போனையே படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன், அதற்கு அவர் தடை சொல்வதில்லை. இந்த விமர்சனத்தையும் போனிடம் வாயால் சொல்லித்தான் எழுதினேன், திருத்தியது மகன். அளவு நோட்டில் துணித் துண்டு இன்னும் ஒட்டுகிறேன், பக்கத்தில் பெயரும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. மகனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க எந்தக் காகிதங்கள் வேண்டும் என்பதையும் மிஸ் பொறுமையாகச் சொல்வார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

பெரியவர்களுக்கு மாலை ஏழு மணிக்கு மேல்தான் இடம் கிடைக்கும், பிள்ளைகள் கூட்டமும் அப்போது குறைவு. சேர விண்ணப்பத் தாள் எதுவும் நிரப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் போதும், பதிலும் குரலிலேயே வரும்.