பிக் பாஸ் போட்டியாளர் வேட்பாளராகும்போது: தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரச் சேவை, ஒரு மதிப்புரை

2017 ஜூன் மாதம் விஜய் தொலைக்காட்சியில் கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கிய பிக் பாஸ் முதல் பருவத்தின் போட்டியாளர் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால், அதில் கட்சி மேடை ஏறியவர்கள் ஒருவர் இருவரோடு நிற்கவில்லை என்பது தெரியவரும். அந்தப் பருவத்தில் இரண்டாமிடம் பெற்ற பாடலாசிரியர் சினேகன் மக்கள் நீதி மய்யத்தின் வேட்பாளராக 2019 மக்களவைத் தேர்தலில் சிவகங்கையிலும், 2021 சட்டமன்றத் தேர்தலில் விருகம்பாக்கத்திலும் போட்டியிட்டார். அதே பருவத்தின் மற்ற போட்டியாளர்களில் நடிகை காயத்ரி ரகுராம் பா.ஜ.க.வில் பொறுப்பு வகித்துவிட்டுப் பின்னர் அ.தி.மு.க.வுக்குச் சென்றார், நடிகை நமீதா அ.தி.மு.க.விலிருந்து பா.ஜ.க.வுக்கு வந்தார். விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் செய்தித் தொடர்பாளராக இருந்த விக்ரமன் எதிர்த்திசையில், கட்சியிலிருந்து ஆறாம் பருவத்தின் வீட்டுக்குள் சென்று இரண்டாமிடம் பெற்றார்.

இத்தகைய ஒருவர் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வரும்போது, மற்ற வேட்பாளர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி அவருக்கு உண்டு. அவர் கோபப்பட்டால் எப்படிப் பேசுவார், யாருக்காக அழுவார், சமையல் வேலையிலிருந்து நழுவுவாரா என்பதெல்லாம் வாக்காளருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்த முகம் என்ற அந்த உணர்வே அவரைப் பற்றி வேறு எதையும் கேட்காமல் இருக்கப் போதுமானதாகிவிடுகிறது. அவருடைய சொத்து, கடன், வழக்கு, வருமானம் ஆகியவற்றைப் பற்றி நூறு நாள் ஒளிபரப்பு எதையும் சொல்வதில்லை. ஆகவே தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் பிரமாணப் பத்திர இணையதளமும், ‘உங்கள் வேட்பாளரை அறியுங்கள்’ என்ற நோக்கத்துடன் வெளியிடப்பட்ட கேஒய்சி செயலியும் எல்லா வேட்பாளர்களையும்விடத் தொலைக்காட்சிப் புகழோடு வருபவர்கள் விஷயத்தில்தான் அதிகம் தேவைப்படுகின்றன என்பது என் கருத்து. அந்தக் கண்ணோட்டத்திலேயே இச்சேவையை இங்கே மதிப்பிடுகிறேன்.

இரண்டுமே இலவசம். தேர்தலையும் மாநிலத்தையும் தொகுதியையும் தேர்ந்தெடுத்தாலோ, வேட்பாளரின் பெயரைத் தேடினாலோ, அவருடைய வேட்புமனுவின் நிலையும் படிவம் 26 எனப்படும் பிரமாணப் பத்திரமும் கிடைக்கின்றன. குற்ற வழக்கு உண்டா இல்லையா என்பதைச் செயலி முதல் பார்வையிலேயே காட்டிவிடுகிறது. பத்திரத்தைத் திறக்காமலே தெரிந்துகொள்ள முடிகிற இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஆனால் அதோடு நின்றுவிடுவது போதாது. ‘உண்டு’ என்ற ஒரு சொல்லுக்குள் போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான வழக்கும் இருக்கலாம், மோசடி வழக்கும் இருக்கலாம். எந்தச் சட்டப் பிரிவு, எந்த நீதிமன்றம், நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்ததா என்ற விவரங்கள் பத்திரத்தின் உள்ளேதான் இருக்கின்றன.

இந்தப் பத்திரம் நமக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏடிஆர்) என்ற தன்னார்வ அமைப்பு தொடர்ந்த வழக்கில், வேட்பாளரின் சொத்து, வழக்கு போன்ற விவரங்களை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்று 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் இதற்கு அடிப்படை. எந்தப் பத்தியையும் வெறுமையாக விட்டுத் தாக்கல் செய்தால், நினைவூட்டிய பிறகும் நிரப்பாதவரின் மனுவைத் தேர்தல் நடத்தும் அலுவலர் நிராகரிக்கலாம் என்று 2013-இல் அதே நீதிமன்றம் கூறியது. ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கைத் தெரிவிக்க வேண்டும் என்ற மாற்றம் 2019-இல் வந்தது.

தொலைக்காட்சியிலிருந்து வரும் வேட்பாளரைப் பொறுத்தவரை, முதலில் படிக்க வேண்டியது இந்த ஐந்து ஆண்டு அட்டவணையைத்தான். வேட்பாளர், வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து ஆண்டுகள். அவர் நிகழ்ச்சியில் பங்கேற்ற ஆண்டின் தொகையையும் அதற்கு முந்தைய ஆண்டின் தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புகழ் அவருடைய வருமானத்தை எந்த அளவுக்கு மாற்றியது என்பது ஓரளவு புலப்படும். ஆனால் அதில் சேனல் தந்த ஊதியம் எவ்வளவு, விளம்பரத்தில் வந்தது எவ்வளவு, கடை திறப்பு விழாக்களில் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. வருமானத்தின் ஆதாரம் என்ற இடத்தில் தொழிலைக் குறிப்பிட்டாலே படிவத்தின் தேவை நிறைவேறிவிடுகிறது. அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களைக் கேட்கும் இந்தப் படிவம் தொலைக்காட்சி நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைக் கேட்பதில்லை. ஊடக நிறுவனங்களுக்கும் கட்சிகளுக்கும் இடையே நெருக்கம் நிலவும் தமிழ்நாட்டில் இது கவனிக்கப்பட வேண்டிய குறை.

பயன்பாட்டில் உள்ள பெரிய தடை, பத்திரங்கள் ஸ்கேன் செய்த படங்களாகவே கிடைப்பதுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையொப்பமும் நோட்டரியின் முத்திரையும் இருக்கும். சில பத்திரங்களில் அந்த முத்திரை எண்களின் மீதே விழுந்திருக்கும், சிலவற்றில் தொகைகள் கையால் எழுதப்பட்டிருக்கும். சொல்லைத் தேட முடியாது, கூட்டிப் பார்க்க முடியாது. இந்த இடத்தில் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் மைநேதா தளம் பெரிதும் உதவுகிறது. சொத்து, கடன், வழக்கு, கல்வி ஆகியவற்றை அது சுருக்கித் தருவதோடு, ஒரே வேட்பாளர் முந்தைய தேர்தல்களில் அறிவித்ததையும் சேர்த்துக் காட்டுகிறது. ஆணையமே செய்திருக்க வேண்டிய வேலையைத் தன்னார்வ அமைப்பு ஒன்று செய்துகொண்டிருக்கிறது.

காலமும் குறுகியது. 2021 தேர்தலில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் மார்ச் 19. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. முகம் பல ஆண்டுகளாக வீட்டுக்குள் வந்துகொண்டிருக்க, பத்திரத்துக்குக் கிடைத்தது மூன்று வாரத்துக்கும் குறைவான காலம்.

இன்னொரு வரம்பும் உண்டு. வேட்புமனுத் தாக்கல் செய்தவரைப் பற்றி மட்டுமே இந்தச் சேவை பேசும். 2025 ஆகஸ்டில் முன்னாள் போட்டியாளர்களான நடிகை கஸ்தூரியும் திருநங்கை நமீதா மாரிமுத்துவும் பா.ஜ.க.வில் சேர்ந்ததைப் போல, பிக் பாஸில் பங்கேற்ற ஒருவர் கட்சியில் சேர்ந்து, பொறுப்பு பெற்று, விவாதங்களில் கட்சியின் குரலாகவே பேசினாலும், அவர் தேர்தலில் நிற்காதவரை எந்தப் பிரமாணப் பத்திரமும் அளிக்க வேண்டியதில்லை.

இத்தனை குறைகளுடனும் இச்சேவையைப் பயன்படுத்துமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு என்பதால், தொகுத்து வெட்டி ஒட்டப்பட்ட காட்சியைவிட இதிலுள்ள சொற்களுக்குச் சட்டத்தின் பிடி அதிகம். மனுப் பரிசீலனை முடிந்தவுடன் மைநேதாவில் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, வழக்குப் பகுதியையும் ஐந்து ஆண்டு வருமான அட்டவணையையும் மட்டும் ஆணையத்தின் மூலப் பத்திரத்தில் படித்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆணையம் அடுத்த தேர்தலுக்குள் இந்தப் பத்திரங்களைத் தேடக்கூடிய எழுத்துவடிவில், தமிழிலும் வெளியிட வேண்டும்.