தனியாகவா, நண்பர்களோடா, முன்பின் அறியாத குழுவோடா? உள்முக இயல்பினருக்கான பயண ஒப்பீடு

கூட்டத்தில் நெடுநேரம் இருந்தால் களைத்துப்போகும் இயல்புடையவர்களுக்குத் தனிப் பயணமே உகந்தது என்பார்கள். நானும் பல காலம் அப்படித்தான் பயணம் செய்து வந்தேன். இப்போதோ, ஒருவரையொருவர் அறியாத பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செல்லும் சிறு குழுப் பயணத்தையே தேர்ந்தெடுக்கிறேன். தன்னைப் பற்றிப் புதிதாக ஏதேனும் தெரிந்துகொள்வதும் பயணத்தின் நோக்கம் என்றால், மூன்று வழிகளுள் இதுவே அதிகம் தருகிறது என்பது என் முடிவு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரவில் தங்கத் தனியறை வேண்டும்.

தனிப் பயணத்தின் நன்மைகள் அனைவரும் அறிந்தவை. விரும்பிய நேரத்தில் எழலாம், பிடித்த இடத்தில் நாள் முழுதும் அமர்ந்திருக்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், ஒவ்வாத சூழலை நினைத்த நொடியில் தவிர்த்துவிட முடிவதால், அந்த ஒவ்வாமை நம் இயல்பா, வெறும் பழக்கமா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அதில் அமைவதில்லை. உளவியலாளர் ஜான் ஜெலென்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருத்தமானது. கலகலப்பாகப் பழகும் ஒரு சூழல் தமக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று முன்கூட்டியே கணிக்கச் சொன்னபோது, உள்முக இயல்பினர் உண்மையில் கிடைத்த மகிழ்ச்சியைவிடக் குறைவாகவே கணித்தார்கள். தனியாகவே செல்பவருக்கு இந்தக் கணிப்பு தவறு என்று தெரியவரும் தருணம் அரிது.

நண்பர்களோடு செல்வது இதற்கு மாற்று போலத் தோன்றும். அங்கே மௌனத்தை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆயினும், அந்த வட்டத்தில் நமக்கான இடம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அமைதியானவர் அமைதியாகவே இருப்பார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவரும் அதற்கேற்பவே நடந்துகொள்கிறார். மேலும், 'இன்று மாலை நான் வரவில்லை' என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்வதைவிட நெருங்கிய நண்பரிடம் சொல்வது கடினம்.

அறிமுகமில்லாத குழுவில் இந்த முன்வரலாறு எதுவும் இல்லை. எங்கே, எப்போது செல்வது என்பதை வழிகாட்டி பார்த்துக்கொள்வதால், ஏற்பாடுகளைப் பற்றிய ஓயாத பேச்சிலிருந்தும் விடுதலை கிடைக்கிறது. கண்முன் இருக்கும் காட்சியே பேச்சுக்குப் பொருளாகிவிடுகிறது. இத்தகைய பயணங்களில்தான் என்னைக் களைப்படையச் செய்வது மனிதர்கள் அல்லர் என்பதைக் கண்டுகொண்டேன். ஒருவரோடு பக்கத்தில் நடந்தபடி ஒரு மணி நேரம் பேசினாலும் எனக்குச் சோர்வு வருவதில்லை. நான்கு உரையாடல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரவு உணவு மேசையில் அரை மணி நேரமே போதும், சோர்ந்துவிடுகிறேன். கூச்சமும் உள்முக இயல்பும் வெவ்வேறு என்பதும் அங்கேதான் அனுபவமாகப் புரிந்தது. கூச்சம் என்பது பிறர் நம்மை எப்படி எடைபோடுவார்களோ என்ற அச்சம். உள்முக இயல்போ, பேச்சு, ஓசை, கூட்டம் போன்ற புறத்தூண்டல் நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்தது. மீண்டும் சந்திக்க வாய்ப்பில்லாதவர்களிடையே அந்த அச்சம் தானாகத் தணிந்துவிட, எஞ்சி நிற்பது எது என்று தெளிவாகத் தெரிந்தது. எதற்கும் ஒத்துப்போகிறவன் என்று என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். வாயளவில் இசைந்துவிட்டு உள்ளுக்குள் மனத்தாங்கல் கொள்ளும் வழக்கம் எனக்கு இருப்பதையும் குழுதான் காட்டியது.

இனி அந்த நிபந்தனை. குழுப் பயணக் கட்டணம் பெரும்பாலும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வதை அடிப்படையாகக் கொண்டே அறிவிக்கப்படுகிறது. தனியறை வேண்டுவோர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். பகிரச் சம்மதிப்பவருக்கு அதே பாலினத்தைச் சேர்ந்த இன்னொரு பயணியைச் சில நிறுவனங்கள் இணைத்துவிடுகின்றன. உள்முக இயல்பினர் இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் புறமுகமாக, அதாவது பிறரோடு கலகலப்பாகப் பழகி, நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டவர்களுள் மிகுந்த உள்முக இயல்புடையோருக்கு மகிழ்ச்சியில் கிடைத்த ஆதாயம் குறைவாகவும், களைப்பும் தாம் தாமாக இல்லை என்ற உணர்வும் கூடுதலாகவும் இருந்தன. முன்னர்ச் சொன்ன ஆய்வோடு இதையும் சேர்த்துப் பார்த்தால், சிறிது நேரக் கலகலப்பு நாம் நினைப்பதைவிட இனிமையானது, இடைவெளியின்றித் தொடர்ந்தால் அதுவே சுமையாகிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். தமக்கு முக்கியமான ஒன்றுக்காக இயல்பை மீறி நடந்துகொள்ள எவராலும் முடியும், ஆனால் அதன்பின் மீள்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்று உளவியலாளர் பிரையன் லிட்டில் சொல்வதும் இதோடு பொருந்துகிறது.

பகிர்ந்த அறையில் அந்த இடம் இல்லை. எவ்வளவு நல்ல மனிதர் வாய்த்தாலும் விளக்கை எப்போது அணைப்பது, யார் முதலில் குளிப்பது, படுக்கும் முன் மரியாதைக்காக எவ்வளவு பேசுவது என்று இரவும் பகலின் நீட்சியாகிவிடுகிறது. அன்றைய நிகழ்வுகளை அசைபோட்டு, எதில் மகிழ்ந்தோம், எதில் ஒதுங்கினோம், ஏன் என்று பார்ப்பதற்கான நேரம் இல்லாமற் போனால், ஓரிரு நாள்களிலேயே களைப்பு மட்டும் மிஞ்சும். 'குழு எனக்கு ஒத்துவராது' என்ற பழைய முடிவோடு திரும்ப நேரிடும். பணம் போதவில்லையென்றால் பயண நாள்களைக் குறைத்துக்கொண்டு தனியறை எடுப்பதே மேல். அதுவும் இயலாதென்றால், குழுவை விட்டுவிட்டுத் தனியாகச் செல்லுமாறே சொல்வேன்.

நாற்பது பேர் செல்லும் பெரிய பேருந்துக் குழுக்களைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. அத்தனை பேரிடையே யார் கண்ணிலும் படாமல் இருப்பது சிலருக்கு வசதியாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் தனியாகச் சுற்றுபவர்கள் நான் அறியாத ஆழங்களைக் கண்டிருக்கவும் கூடும். என் தனிப் பயணங்கள் குறுகியவை.

முதன்முறை குழுவோடு செல்பவர்கள் மூன்று நான்கு நாள் பயணமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. முன்பதிவு செய்யும் முன், எத்தனை இரவுகள் கூடாரத்திலோ இரவு ரயிலிலோ கழியும், எத்தனை பிற்பகல்கள் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளன என்று கேளுங்கள். தனியறைக்குப் பணம் செலுத்தியிருந்தாலும் அந்த இரவுகளில் அது கிடைக்காமற் போகலாம். சில மாலைகளில் உணவுக்கு வர மாட்டேன் என்று வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தலை எண்ணும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.