அட்டையில் விண்டோஸ் 11, உள்ளே 6வது தலைமுறை: பழைய லேப்டாப் வாங்குவோர் கவனத்துக்கு

"ஐ5, 8வது தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒரிஜினல் விண்டோஸ் 11 ப்ரோ. 17,500 ரூபாய்." ரீஃபர்பிஷ்டு லேப்டாப் கடை ஒன்று இப்படி அட்டை ஒட்டி விற்ற எச்பி எலைட்புக் 840 ஜி3 பற்றிய பதிவு இது. மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய குடும்பம், நான்கு மாதம் கழித்து "அப்டேட்டே வரவில்லை, தமிழ் மொழிப் பேக்கும் ஏறவில்லை" என்று திரும்பக் கொண்டுபோனது. "சாஃப்ட்வேருக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த லேப்டாப்புக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டால், வேறு எந்தக் கடையிலும் இதே வேலையைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் விதி. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ என்ற புதுவகைத் தொடக்க மென்பொருள், நம்பகமானதை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இவற்றோடு ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெலில் அந்தப் பட்டியல், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, 8வது தலைமுறையில்தான் தொடங்குகிறது. 840 ஜி3-யில் எச்பி போட்டு அனுப்பியதே 6வது தலைமுறைதான். அதாவது, அட்டையில் எழுதியதுபோல 8வது தலைமுறையோடு ஒரு 840 ஜி3-ஐக்கூட எச்பி செய்ததில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கம்பெனிகள் 6வது, 7வது தலைமுறை லேப்டாப்களைக் கழித்துக்கட்ட, அவை மொத்த விலையில் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. விண்டோஸ் 10 என்று சொன்னால் வாங்குவோர் கை வைக்க யோசிக்கிறார்கள். அதனால்தான் 11 என்ற அட்டை.

ஆதரவில்லாத லேப்டாப்பில் 11-ஐ ஏற்றுவது கஷ்டமான வேலை இல்லை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட், ரேம் சோதனைகளை நீக்கு என்று ஒரு டிக் போட்டால் போதும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் லேப்கான்ஃபிக் என்ற சாவியை எழுதியும் செய்யலாம். இதில் எங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. தெரிந்து செய்துகொள்பவருக்கு அது ஒரு வழி. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட் இந்த லேப்டாப்புக்குத் தானாக வராது, அதைக் கையால் ஏற்ற வேண்டும், மாதாந்திர அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது என்பதையெல்லாம் வாங்குபவரிடம் சொல்லாமல் அட்டையை மட்டும் ஒட்டுவதுதான் ஏமாற்று. இந்த லேப்டாப்பில் அதையும் தாண்டிப் போயிருந்தார்கள்.

செட்டிங்ஸின் 'அபவுட்' பக்கத்தில் பிராசஸர் பெயர் ஐ5-8250யு என்று காட்டியது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்புக்குள் போனால் ஐ5-6300யு. விண்டோஸ் அந்தப் பெயரை எடுத்துக் காட்டுவது ரிஜிஸ்ட்ரியில் உள்ள ஒரு வரியிலிருந்து. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அந்த வரி புதிதாக எழுதப்படும் என்பதால், ஒருதடவை மாற்றினால் நிற்காது. ஆகவே பூட் ஆனதும் பெயரை மாற்றி எழுதும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருந்தார்கள். கோர்களின் எண்ணிக்கையை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் 2 கோர், 4 லாஜிக்கல் பிராசஸர் என்று இருந்தது. உண்மையான 8250யு என்றால் 4 கோர், 8 லாஜிக்கல் பிராசஸர் காட்ட வேண்டும்.

வின்வர் கட்டளை கொடுத்தால் வந்த பதிப்பு 22எச்2. ஹோம், ப்ரோ இரண்டுக்கும் அந்தப் பதிப்பின் ஆதரவு 2024 அக்டோபர் 8-இலேயே முடிந்துவிட்டது. விற்ற அன்றைக்கே இந்த லேப்டாப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவும் வராது என்று அர்த்தம். போதாததற்கு, 22எச்2-ஐ விட்டு நகரக் கூடாது என்று அப்டேட் கொள்கையும் ரிஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டிருந்தது. வீட்டு லேப்டாப்பின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரியைக் கண்டால் காரணம் இப்படித்தான் ஏதாவது இருக்கும். ஆதரவில்லாத லேப்டாப்பில் டெஸ்க்டாப்பின் வலது கீழ்மூலையில் 'சிஸ்டம் தேவைகள் பூர்த்தியாகவில்லை' என்று விண்டோஸ் எழுதிக் காட்டுவதுண்டு. ரிஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு மதிப்பைச் சுழியமாக்கினால் அந்த எழுத்து மறைந்துவிடும். இங்கே அதுவும் மறைக்கப்பட்டிருந்தது.

தமிழ் மொழிப் பேக் ஏறாததற்குக் காரணம் வேறு. போடப்பட்டிருந்தது மைக்ரோசாஃப்ட் தரும் ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் ஃபைலே இல்லை, பாகங்களைக் கழற்றி எடைகுறைத்த ஒரு நகல். இணையத்தில் டைனி11 போலப் பல உண்டு. அவற்றில் 'கோர்' வகை, சோதனைக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கும் மட்டும் என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மொழி, அப்டேட், கூடுதல் வசதி எதையும் பிறகு சேர்க்க முடியாது. பழைய லேப்டாப் வேகமாக ஓடுவதுபோல் தெரியும் என்பதால் கடைக்காரர்களுக்குப் பிடித்துப்போகிறது. ஒரு லேப்டாப்பில் போட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே இருபது லேப்டாப்புக்கு குளோன் அடித்துவிடுவார்கள். இதில் ரெக்கவரி பகுதியும் வெட்டப்பட்டிருந்ததால் 'ரீசெட்' வேலை செய்யவில்லை.

'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு வருவோம். எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்ஐ சேர்த்து ஓட்டினால் லைசென்ஸ் எந்த வழியில் வந்தது என்று தெரியும். வந்த விடை 'வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட்'. கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரிலிருந்து ஆக்டிவேட் செய்துகொள்ளும் முறை. 180 நாள்தான் செல்லும், இடையில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கிய லேப்டாப்பில் இது இருந்தால், போலியாக ஆக்டிவேட் செய்யும் ஆக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள். திருட்டு லைசென்ஸ் என்பதைவிடப் பெரிய கவலை இன்னொன்று: அந்த ஆக்டிவேட்டரை விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பிடித்துவிடாமல் இருக்க சி டிரைவ் முழுவதையுமே சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கும், உள்ளே எதுவும் சோதிக்கப்படாது. நெட்பேங்கிங் நடக்கும் லேப்டாப்பில் இதைச் செய்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்த லேப்டாப்பின் பயாஸிலேயே விண்டோஸ் 10 ப்ரோ சாவி பதிந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்து ஐஎஸ்ஓவைப் போட்டு இணையத்தில் இணைத்திருந்தால் 11 ப்ரோ தானாகவே, நேர்மையாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். குளோன் அடிக்கும் அவசரத்தில் அதைக்கூடப் பார்க்கவில்லை.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே செய்ய வேண்டிய வேலை பத்து நிமிடம்தான். விண்டோஸுக்குள் போவதற்கு முன்பே பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள். எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1. பிராசஸரின் முழுப் பெயரை அங்கே படியுங்கள். ஐ5-க்குப் பின் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை: 6300 என்றால் 6, 8250 என்றால் 8. ஐ5-10210யு போல ஐந்து இலக்கம் இருந்தாலோ, ஐ5-1135ஜி7 போல நான்கு இலக்க எண் 1-இல் தொடங்கினாலோ முதல் இரண்டு. பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை வாங்கவே வேண்டாம்.

மாடல் பெயரை மட்டும் நம்பினால் இன்னொரு விதமாக ஏமாறலாம். 'ஜி5 என்றாலே 8வது தலைமுறை' என்பார்கள். எலைட்புக் 840 ஜி5, 7வது தலைமுறை ஐ5-7200யு, 7300யு ஆகியவற்றோடும் வந்திருக்கிறது. ஏஎம்டியில் குழப்பம் இன்னும் அதிகம். ரைசன் 2000 வரிசையிலிருந்து ஆதரவு உண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் லேப்டாப்பில் வரும் ரைசன் 5 2500யு பட்டியலில் இல்லை. 3500யு இருக்கிறது. 2500யு-வின் உள்ளே இருப்பது ஏஎம்டியின் முதல் தலைமுறை ஜென் வடிவமைப்பு என்பதுதான் காரணம்.

பிறகு விண்டோஸுக்குள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், கோர் எண்ணிக்கையைப் பாருங்கள். சிபியு-இசட் மென்பொருளின் இன்ஸ்டால் தேவைப்படாத ஜிப் பதிப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போனால் இன்னும் நல்லது. அது பிராசஸரிடமே நேராகக் கேட்டு, ஸ்கைலேக் (6வது தலைமுறை) என்றோ கேபி லேக் என்றோ உள்பெயரைக் காட்டிவிடும். வின்வரில் பதிப்பு 24எச்2 அல்லது 25எச்2 இருக்க வேண்டும். முன்னதன் ஹோம், ப்ரோ ஆதரவு 2026 அக்டோபர் 13 வரை, பின்னதற்கு 2027 அக்டோபர் 12 வரை. டிஃபெண்டரின் விலக்குப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். "டிபிஎம் 2.0 இருக்கு பாருங்க" என்று திரையைக் காட்டினால் மயங்க வேண்டாம். 6வது தலைமுறை பிசினஸ் லேப்டாப் பலவற்றில் அது இருக்கிறது அல்லது ஃபர்ம்வேர் அப்டேட்டால் 1.2-இலிருந்து மாற்றிக்கொள்ளலாம். பிராசஸர் பட்டியலில் இல்லையென்றால் டிபிஎம் மட்டும் இருந்து பயனில்லை.

நேரம் இருந்தால், வைஃபையில் இணைத்து ஒரு முழு ரீசெட் செய்துதரச் சொல்லுங்கள். வெட்டிய நகல் என்றால் ரீசெட் நடக்காது. முன்பு வைத்திருந்த கம்பெனி தன் பதிவிலிருந்து லேப்டாப்பை நீக்காமல் விட்டிருந்தால், ரீசெட்டுக்குப் பின் அந்தக் கம்பெனியின் லாகின் திரை வந்து நிற்கும். இணையம் இல்லாமல் லோக்கல் அக்கவுண்டில் போட்டுத் தருவதால் இது கடையில் தெரிவதில்லை.

ஏற்கெனவே சொந்தமாக இருக்கும் லேப்டாப்பை "11 ஏத்தித் தரோம்" என்று கூப்பிடும் சர்வீஸ் கடைகளிடமும் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்கும் லேப்டாப்பில் 24எச்2-ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், டிஸ்க் பிட்லாக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்பட்டுவிடும். திறக்கும் 48 இலக்கச் சாவி எந்த அக்கவுண்டில் முதலில் நுழைந்தார்களோ அதில் சேமிக்கப்படும். கடைப்பையன் தன் அக்கவுண்டைப் போட்டு வேலையை முடித்திருந்தால் உங்கள் சாவி அவரிடம். பல மாதம் கழித்து பயாஸ் அப்டேட் ஏதாவது வந்து திரை சாவியைக் கேட்கும்போதுதான் இது தெரியவரும். சாவி இல்லாமல் அந்தத் தரவை யாராலும் மீட்க முடியாது. அதனால் கொண்டுவந்ததும் பிட்லாக்கர் நிலையைப் பாருங்கள். பூட்டப்பட்டிருந்தால் அந்தப் பூட்டை ஒருமுறை முழுதாக நீக்கி, உங்கள் அக்கவுண்டில் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

கோர் 2 டியோ லேப்டாப்பில் 11 போட்டுத் தருகிறோம் என்றால் காசு கொடுக்காதீர்கள். 24எச்2-இலிருந்து பாப்கவுண்ட், எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத இதுபோன்ற மிகப் பழைய பிராசஸரில் விண்டோஸ் பூட்டே ஆகாது. எந்த ரிஜிஸ்ட்ரி வேலையும் இதற்கு உதவாது.

ஏமாந்துவிட்டவர்களுக்கு. டிஸ்க்கை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பயாஸ் திரை, 'அபவுட்' பக்கம், வின்வர், எஸ்எல்எம்ஜிஆர் விடை எல்லாவற்றையும் பில்லோடும் அட்டையோடும் சேர்த்துப் படம் எடுங்கள். "சாஃப்ட்வேருக்கு வாரண்டி இல்லை" என்ற பதில் இங்கே செல்லாது. புகார் சாஃப்ட்வேர் பற்றியதே இல்லை, 6வது தலைமுறைப் பொருளை 8வது என்று விற்றது பற்றியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது முறையற்ற வணிகம், பில் தர மறுப்பதும் அதே கணக்கில் சேரும். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பும் போதும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இனி வாங்குவோர் பில்லில் 'ஐ5 லேப்டாப்' என்று விட்டுவிடாமல் பிராசஸரின் முழு எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

அதுவரை லேப்டாப் வேண்டுமே என்றால்: 840 ஜி3-யில் எம்.2 இடம் ஒன்று, 2.5 அங்குல இடம் ஒன்று என இரண்டு டிஸ்க் பொருத்தலாம். பழையதைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டு வேறொரு எஸ்எஸ்டி பொருத்துங்கள். பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், கோடிங் என்றால் லினக்ஸ் மின்ட் 22 போதும், 2029 வரை அப்டேட் உண்டு, 6வது தலைமுறையில் சுகமாக ஓடும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்து ஐஎஸ்ஓ, 8 ஜிபி பென்டிரைவ், ரூஃபஸ் 4.6 அல்லது அதற்குப் பிந்தையது. அடுத்த ஆண்டுப் பதிப்பு வரும்போது அதே முறையில் புதிய பென்டிரைவ் தயாரித்து, விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டினால் ஃபைல்கள் அப்படியே இருக்கும். சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள், பாதியில் இடம் தீர்ந்தால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும்.