டிவைன் நைன் கடை: யானை வாங்கலாம், ஜாக்கெட் கேட்காதீர்கள்

மேரிலாண்டில், வாஷிங்டனை ஒட்டி இருக்கும் சின்னக் கடை இது. அமெரிக்கக் கறுப்பின மக்களின், கிரேக்க எழுத்துகளையே பெயராகக் கொண்ட கல்லூரிச் சங்கங்கள் ஒன்பதையும் சேர்த்து டிவைன் நைன் என்பார்கள். அந்த ஒன்பதுக்குமான டி-ஷர்ட், ஜாக்கெட், பேட்ஜ், கார் ஸ்டிக்கர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒன்பதில் ஒன்றான டெல்டா சிக்மா தீட்டா என்ற பெண்கள் சங்கத்தின் உறுப்பினர், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், அவருக்குப் பரிசு வாங்கப் போனேன்.

போனதும் கடைக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு?" உறுப்பினர் இல்லாதவர் தாமே போட்டுக்கொள்ளச் சங்கத்தின் கிரேக்க எழுத்துப் போட்ட உடை கேட்டால் தரமாட்டார். பரிசு என்றால் சரி, ஆனால் லைன் ஜாக்கெட் மட்டும் கிடையாது. யார் யாரோடு சேர்ந்து, எந்த வருடம், வரிசையில் எத்தனையாவது ஆளாகச் சேர்ந்தார் என்பதெல்லாம் அதில் தைத்திருக்கும், அதைக் கடையில் காசு கொடுத்து இன்னொருவர் வாங்கிவிட முடியுமா என்ன? வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடை என்று சிலர் குறைந்த ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் இந்தக் கடையின் தரம். கடைசியில் தும்பிக்கை தூக்கிய பீங்கான் யானை ஒன்றை அவரே எடுத்துத் தந்தார், டெல்டாக்களுக்கு யானை என்றால் உயிர்.

கவனித்த இன்னொன்று, வருபவர்களில் பாதிப் பேருக்கு நரைத்த தலை. கல்லூரியோடு முடிகிற விளையாட்டு இல்லை இது, பட்டம் வாங்கிய பிறகும் கிளைகள் உண்டு, வேலைக்குப் போன பிறகு புதிதாகச் சேர்பவர்களும் உண்டு. 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின மாணவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்தது ஒன்பதில் முதலாவதான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. ஒன்பதில் ஐந்து பிறந்தது ஹோவர்டு பல்கலைக்கழகத்தில். அங்கே 1913 ஜனவரியில் 22 பெண்கள் டெல்டாவைத் தொடங்கி, மார்ச் மாதமே வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். இன்றைக்கும் தேர்தல் வந்தால் வாக்காளர் பதிவு மேசை போடுவது இவர்கள்தான். இந்தக் கடையில் அதற்கான டி-ஷர்ட்டுக்குத் தனி அலமாரியே இருக்கிறது, நல்ல துணி, எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். உறுப்பினரான கமலா ஹாரிஸ் புண்ணியத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற இன்னொரு பெண்கள் சங்கத்தின் இளஞ்சிவப்பு-பச்சையும் முத்துமாலையும் வெளியாட்களுக்கும் தெரிந்துவிட்டது, அந்தப் பக்கம்தான் எப்போதும் கூட்டம்.

குறைகள் உண்டு. அயோட்டா ஃபை தீட்டா 1963-ல் பக்கத்து ஊரான பால்டிமோரில், மோர்கன் ஸ்டேட் கல்லூரியில் பிறந்த சங்கம். அதற்கு ஒரு ஓரத்தில் ஒரே ஒரு கம்பி, நான்கு சட்டை. இது கொஞ்சம் அநியாயம். அப்புறம், மரத்துடுப்பு. அலங்காரப் பொருள், மூத்தவர்கள் புதியவர்களுக்குத் தரும் பரிசு என்கிறார்கள், சரி. ஆனால் புதியவர்களை இப்படிப்பட்ட துடுப்பாலும் அடித்து வதைக்கும் பழக்கத்தை ஒழிக்கத்தான் 1990-ல் பழைய சேர்க்கை முறையையே கைவிட்டார்கள், அதற்குப் பிறகும் ரகசியமாக நடந்து உயிர்கள் போயிருக்கின்றன. அந்தத் துடுப்பைக் கல்லாவுக்குப் பின்னால் சுவர் நிறைய மாட்டி வைத்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒப்பவில்லை. சேவை செய்யப் பிறந்த சங்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கடையில் முதலில் கண்ணில் படுவது இது.

விலை குறைவில்லை. பெயர் தைத்துத் தரும் எதையும் திரும்ப எடுக்கமாட்டார்கள், எழுத்துக்கூட்டலை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுங்கள். ஒன்பதில் ஐந்து சங்கங்களின் நிறுவன நாள் ஜனவரியில் வருகிறது, அந்த நேரத்தில் போனால் தையலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நவம்பரிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பார்க்கிங் கடைக்குப் பின்புறம்.