பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன் ‘எந்தக் காது?’ என்று கேளுங்கள்

பெங்களூரில் தலைச்சுற்றலுக்கு வைத்தியம் தேடுபவர்களுக்காக இந்தப் பதிவு. அம்மா படுக்கையில் இடப்பக்கம் புரண்டால் போதும், அறையே சுழலும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இந்திராநகரில் தலைச்சுற்றலுக்கென்றே நடக்கும் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கறுப்புக் கண்ணாடி மாட்டி, மல்லாக்கச் சாய்த்து, விழி துடிப்பதைத் திரையில் பார்த்தார்கள். அதுவரை குறையில்லை. பிறகுதான் எம்.ஆர்.ஐ., ஒரு மாத மாத்திரை, முன்பணம் கட்டிப் பத்து சிட்டிங் என்று பட்டியல் நீண்டது.

ரிப்போர்ட்டில் ‘பொசிஷனல் வெர்டிகோ’ (தலையின் நிலை மாறும்போது வரும் சுற்றல்) என்று மட்டும் இருந்தது. வலது காதா, இடது காதா? கேட்டதற்கு, “அது தெரபிஸ்டுக்குத் தெரிந்தால் போதும் சார், வீட்டில் செய்து பார்க்காதீர்கள்” என்றார் கவுண்டர் பெண். எந்தக் காது என்று தெரியாமல், இதைச் சரிசெய்யும் தலைதிருப்பும் முறையை வீட்டில் செய்ய முடியாது. அவர்கள் வியாபாரமே அதில்தான் நிற்கிறது.

அல்சூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர், கண்ணாடி எதுவும் இல்லாமல் அதே சோதனையைச் செய்து, “இடது காதும்மா” என்றார். உள்காதின் கால்சியம் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் நழுவிவிடுகின்றன. மாத்திரை அவற்றை நகர்த்தாது, தலையைத் திருப்பித்தான் வெளியேற்ற வேண்டும். சோதனையிலேயே தெளிவாகத் தெரிந்தால் ஸ்கேனும் தேவையில்லையாம். ஜான் எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையை அங்கேயே செய்துகாட்டி, எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

படுக்கையில் உட்கார்ந்து, சாயும்போது தோளுக்கடியில் வரும்படி தலையணை. தலையை 45 டிகிரி இடப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய வேண்டும். சுற்றல் வரும், பயப்படக் கூடாது. நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே. தலையை மட்டும் வலப்பக்கம் 90 டிகிரி. பிறகு உடம்போடு வலப்பக்கம் புரண்டு, முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அதே காத்திருப்பு, கடைசியில் மெல்ல எழுந்து உட்காரலாம். வலது காதென்றால் இடமும் வலமும் மட்டும் மாறும். கழுத்து எலும்புத் தேய்மானம், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் மரத்தல், திடீரெனக் காது கேளாமை இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

அம்மா இப்போது இடப்பக்கமாகவே தூங்குகிறார். இந்திராநகர் கிளினிக்கில் கட்டியிருந்த மிச்ச சிட்டிங் பணத்தைக் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது, பணம் வரவில்லை.